டிரைவரக்காவின் திண்டு

பேருந்துப் பணிமனையில் டிரைவரக்காவைத் தெரியாதவர் இல்லை. ஆள் குள்ளம், குரல் மட்டும் ஹாரனுக்குப் போட்டி. வெளிநாட்டில் அதே வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, அவள் கணவர் தம் சலூனில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரியும் கையுமாக வீட்டுக்கு ஓடிவந்தவருக்கு, பாதித் தலையோடு ஒருவர் காத்திருப்பது பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து வீடு கல்யாண வீடானது. இருப்பது ஒரு பெட்டி. அதில் வைக்க நீண்ட கைகளோ பல. நாத்தனார் கம்பளிச் சட்டைகளைக் கொண்டுவந்து குவித்தாள். மாமியார் குக்கரை வைத்தார், டிரைவரக்கா எடுத்தாள், அசந்த நேரத்தில் அது மறுபடி உள்ளே போயிருந்தது. மகள் தன் போட்டோவைச் சட்டமும் கண்ணாடியுமாகத் திணித்தாள். அக்கா தனக்கென்று வைத்தது, ஓட்டும்போது முதுகுக்கு முட்டுக்கொடுக்கும் பழைய திண்டு ஒன்றைத்தான்.

“அங்க சீட்டே மெத்து மெத்துன்னு இருக்குமாம். இந்த அழுக்குத் திண்டு எதுக்கும்மா?” என்றார் மாமியார்.

“சீட்டு அவங்களோடது அத்தை. முதுகு என்னோடது.”

விமான நிலையத்தில் எடை எகிறியது. கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். அக்கா அசரவில்லை. அங்கேயே பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டத் தொடங்கினாள். கடைசிச் சட்டைக்குள் கை நுழையாமல் தவித்தபோது, வரிசையில் நின்ற ஒருவர் முன்வந்து இழுத்துவிட்டார். குக்கர் மாமியாரிடமே திரும்பியது. போட்டோ சட்டத்தை உதறிவிட்டுக் கைப்பைக்குள் போனது. கக்கத்தில் திண்டோடு பந்து மாதிரி உருண்டு போனவளைப் பார்த்து, அழுவதற்கென்றே வந்திருந்த குடும்பம் விழுந்து விழுந்து சிரித்தது.

அங்கே ஓட்டிக் காட்டச் சொன்ன வண்டி ரயில் பெட்டிபோல நீளம்; நடுவில் வளையும். ஸ்டியரிங் வேறு எதிர்ப்பக்கம். சீட்டை எவ்வளவு முன்னே தள்ளியும் பிரேக் எட்டவில்லை. தேர்வு அதிகாரி யோசிப்பதற்குள் திண்டு முதுகுக்குப் போய்விட்டது. இருக்கிற வளைவிலேயே குறுகலானதில், வாலில் ஒரு கீறல் விழாமல் வண்டியைத் திருப்பிவிட்டாள். அவர் தலையசைத்ததும் சந்தோஷம் தாங்காமல் ஹாரனை நீட்டி அடித்தாள். இங்கே காரணமில்லாமல் யாரும் ஹாரன் அடிப்பதில்லை என்றார் அவர். மன்னிப்புக் கேட்டாள், சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள், இறங்குகிற ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். யாருக்குச் சொல்கிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்த்தாள். தனக்குத்தான் என்று புரிந்ததும் முகமெல்லாம் பல்லாகிப்போனது. ஓய்வு நேரம் வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அப்ப நான் அங்க வந்து உன் வண்டியில ஏறினா, நானும் நன்றி சொல்லணுமா?” என்று கேட்டார் கணவர்.

“முதல்ல டிக்கெட் எடுங்க,” என்றாள் அக்கா.