முகம் தெரிகிறது, மணி தெரியவில்லை!

என்னிடம் இருந்த ஐந்து கைக்கடிகாரங்கள் நான்காகிவிட்டன. திருட்டுப் போகவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன். அதுவும் சந்தோஷமாக!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பலவீனம் தெரியும். கிருஷ்ணகிரியில் பூகோள வாத்தியார் உத்தியோகம். பெங்களூருக்குப் போனால் மற்றவர்கள் பட்டுப்புடவைக் கடையைப் பார்ப்பார்கள். நான் வாட்ச் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பேன். "இருக்கிறது ஒரு இடது கை. அதற்கு எத்தனை?" என்று என் மனைவி கேட்காத நாளில்லை.

அப்படிப்பட்ட என்னைத் தேடி மாதம்மாள் வந்தாள்.

மாதம்மாள் பாரூர்க்காரி. மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து எங்கள் வீட்டுக்கு வெல்லம் கொடுத்துவிட்டுப் போவாள். வயது நாற்பது இருக்கும். புருஷனுக்குப் பெங்களூரில் மில் வேலை. ஏரிப் பாசனத்தில் உள்ள ஒன்றேகால் ஏக்கர் நெல்லுக்கும் ஒரு துண்டு கரும்புக்கும் இவள்தான் எஜமானி.

வெல்லக் கூடையை இறக்கியதும் சொன்னாள். "வாத்தியாரே, எனக்கு ஒரு கெடியாரம் வேணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"உன் வீட்டுக்காரரிடம் சொன்னால் பெங்களூரிலிருந்தே வாங்கி வருவாரே?"

"அவரு வாங்குனா அவரு கையிலதானுங்க கட்டிக்குவாரு!"

விஷயம் இதுதான். வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடுகிறார்கள். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை மேல் வயல்காரர் திம்மராயனுக்கு. பத்திலிருந்து இரண்டு வரை இவளுக்கு. இரண்டு மணி பஸ் ஹாரன் கேட்டதும் கீழ் வயல்காரர்கள் வந்து திருப்பிக்கொள்வார்கள். முடிவதற்கு பஸ் உண்டு. ஆரம்பிப்பதற்கு? திம்மராயன் கையில் உள்ள வாட்ச்தான். அந்த இடத்தில் வேறு யாரிடமும் வாட்ச் கிடையாது.

"நெழலு காலுக்குக் கீழ வந்துருது. அப்பவும் 'இன்னும் பத்து ஆவலை'ங்கறாரு. கதிர் வர்ற நேரம் வாத்தியாரே. கடைசி வயல்ல வெடிப்பு உட்டுருச்சு. இன்னும் ரெண்டு முறை இப்படிப் போனா பதர்தான்."

எனக்கோ ஒரே உற்சாகம். என் செல்வங்களை வெல்வெட் துணியில் பரப்பினேன்.

முதலில் என் பெருமைக்குரிய ஒன்று. தங்க முலாம்; கறுப்பு டயல்; எண்கள் இல்லை, பொன்னிறக் கோடுகள் மட்டும். மாதம்மாள் அதை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். வெயிலில் பிடித்தாள்.

"என் மூஞ்சிதான் தெரியுது. மணி தெரியலையே!"

வாங்கிய இரண்டு வருஷத்தில் நான் ஒருநாளாவது அதை வெயிலில் பார்த்திருக்கிறேனா? கல்யாணப் பந்தலில் பார்த்திருக்கிறேன் — அதாவது, மற்றவர்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறேன்.

அடுத்தது சதுர வாட்ச், குரோமியம் பூச்சு. அதைத் திருப்பிப் பார்த்தாள். "வேர்வை பட்டு பித்தளை பல்லைக் காட்டுதே! நானு சேத்துல நிக்கறவ." ரேடியம் டயலைக் கையால் பொத்திப் பார்த்துச் சிரித்தாள். நன்றாகத்தான் மின்னுகிறதாம், ஆனால் அவளுடைய முறை பட்டப்பகலில். நாலாவது, ஓட்டைக்காலணா அளவுதான் இருக்கும். அதைத் தொடவே இல்லை.

அப்புறம் டப்பாவின் அடியில் கிடந்ததை அவளே எடுத்தாள். நான் காட்டவே வெட்கப்பட்ட வாட்ச் அது. தடித்த உடம்பு, எவர்சில்வர் மூடி, தண்ணீர் புகாது. வெள்ளை டயலில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை கறுப்பு எண்கள்... பள்ளிக்கூடச் சுவர்க்கடிகாரத்தின் குட்டி மாதிரி இருக்கும். கையை நீட்டி வெயிலில் பிடித்தாள். பக்கவாட்டில் சாய்த்தாள்.

"இதுதான்."

தோல் பட்டை ஈரத்தில் ஊறி நாறும் என்று அதையும் கழற்றச் சொன்னாள். ஸ்பிரிங் செயின் மாட்டிக் கொடுத்தேன். இரண்டு வளையல்களைக் கழற்றி அதற்கு இடம் பண்ணிக்கொண்டாள். மணி பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரமாகும் என்று நினைத்தேன். பெரிய முள் மூன்றில் நின்றால் பதினைந்து நிமிஷம் என்றதுமே, "அட, அஞ்சாம் வாய்ப்பாடு!" என்றாள். முடிந்தது பாடம்.

கிளம்பும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. "வர்ற சனிக்கெழமை நீங்களும் வந்து நில்லுங்க. பொம்பளை கெடியாரம் தப்புன்னு சொல்லிட்டா?"

போனேன்.

திம்மராயன் அறுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, நிமிர்ந்த உடம்பு. அவர் கையில் — நம்புங்கள் — என்னுடையதைப் போலவே தங்க முலாம், கறுப்பு டயல், கோடுகள்!

சரியாகப் பத்து. "மாமா, பத்து ஆயிருச்சு. மடையத் திருப்பச் சொல்லுங்க" என்றாள் மாதம்மாள்.

அவர் மணிக்கட்டை முகத்துக்கு நேரே உயர்த்தினார். இறக்கினார். மறுபடி உயர்த்தினார். "இன்னும் அரை மணி இருக்குதம்மா."

"இருக்காது மாமா!"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

மண்வெட்டியோடு நின்ற அவருடைய ஆட்கள் இருவரும் நிமிர்ந்தார்கள். மாதம்மாள் மடையை விட்டு நகரவில்லை. நான் நடுவில் புகுந்தேன். "பெரியவரே, கொஞ்சம் காட்டுங்கள்" என்று அவர் கையைப் பிடித்து நிழலுக்குத் திருப்பினேன்.

பத்து அடித்து இரண்டு நிமிஷம். வாட்ச் அத்தனை சுத்தம்!

அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கண்ணு தெரியலையா?" மெதுவாகக் கேட்டேன்.

"வெயில்ல ஒண்ணும் புரியறதில்லை வாத்தியாரே. பளபளன்னு இருக்குது, அவ்வளவுதான். குத்துமதிப்பாத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "மருமவன் போட்ட வாட்ச். ஊரே வந்து மணி கேக்குது. தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

மெதுவாகத்தான் பேசினோம். ஆனால் மாதம்மாள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். அவள் முகம் சிவந்தது. சிவக்காதா? அவர் குத்துமதிப்பில் அவளுடைய ஒரு வயல் வெடித்துக் கிடக்கிறது!

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களோட இத்தனை நாளு சண்டை போட்டிருப்பனா மாமா?" என்றாள். பிறகு தன் கையை அவர் முன்னால் நீட்டினாள். "இதுல தெரியுதா பாருங்க."

அவர் குனிந்தார். உதடு அசைந்தது. "பத்து... பத்து அடிச்சு அஞ்சு நிமிஷம்!" அறுபது வயது முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

உடனே தெலுங்கில் ஆட்களை அதட்டினார். மண் விழுந்தது, மடை திரும்பியது. மாதம்மாள் வயலுக்குள் தண்ணீர் சலசலத்து ஓடியது.

"அடுத்த முறை நீ ஒம்போதரைக்கே தெறந்துக்கம்மா. எம் பங்குல போகட்டும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க மாமா, நாலு முறைக்கு" என்றாள் மாதம்மாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். கண் டாக்டர் சேலத்தில் எங்கே இருக்கிறார் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டார்.

இரண்டு மணி பஸ் வருவதற்குள் கடைசி வயலில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. பயிர் தப்பித்துவிடும் என்கிறாள்.

ஊரில் அநியாயம் என்று நாம் சண்டைக்குப் போவதில் எத்தனை உண்மையில் அநியாயம்? எத்தனை, தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிற கூச்சம்?

வாட்ச் வாங்கப் போகிறவர்களே, வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!