எழுபத்திரண்டு மணி நேரமும் இருபத்தெட்டு மாத்திரையும்

ரத்தம் எடுக்கிற வேலையில் யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, ஊசியைத்தான் பார்ப்பார்கள். மயிலாப்பூரில் ஒரு லேபில் பதினோரு வருஷம் அந்த வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷ கான்ட்ராக்டில் ஒரு தீவு நாட்டு கிளினிக்குக்குப் போனேன். ஏழாவது மாதம் ஊசி என் பக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு மீதிக் கதை புரியும்.

கையுறைக்குள் ஒரு பொட்டு

ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு ஊசியை உருவும்போது அவர் கையை உதறிவிட்டார். ஊசி கையுறையைத் துளைத்து என் கட்டைவிரலில் ஏறியது. நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவதற்குள் அவர் படகேறிப் போய்விட்டார். அவருக்கு எச்.ஐ.வி. உண்டா இல்லையா, யாரைக் கேட்பது? எடுத்து வைத்த ரத்தத்தில் அவர் சம்மதமில்லாமல் அந்த டெஸ்ட் செய்யக் கூடாது.

எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பிறகு இருபத்தெட்டு நாள் விடக்கூடாது. இதை நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கிளினிக்கில் அந்த மாத்திரை இல்லை. தலைநகர் ஆஸ்பத்திரியில் கேட்டால் முதலாளியின் கடிதம் வேண்டும் என்றார்கள். எங்கள் முதலாளி தமிழர்தான். போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கடிதம் கொடுத்தா என் கிளினிக் பேரு கெட்டுடும்மா. டிக்கெட் போட்டுத் தரேன், ஊர்ல போய்ப் பாத்துக்கோ."

அடையாறில் ஒரு விசாரணை

சென்னையில் இறங்கும்போது நாற்பத்தோரு மணி நேரம் ஓடியிருந்தது. பெட்டியோடு நேரே அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிசப்ஷன் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சார், இந்த மேடத்துக்கு எச்.ஐ.வி. மாத்திரை வேணுமாம்!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். பக்கத்து நாற்காலிக்காரர் கீழே வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் மாத்திரை இருப்பு இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று இருந்தது. வெளிநாட்டில் தனியாகவா இருந்தீர்கள், எத்தனை மாதமாக, கணவர் வந்து போவாரா? நான் விரலை நீட்டினேன். அதில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஊசின்னுதான் எல்லாரும் சொல்வாங்க. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதும்மா."

பெஞ்சில் பக்கத்து இடம்

வெளியே வந்து, பழைய லேபில் என்னோடு வேலை பார்த்த நூர்ஜஹானுக்குப் போன் செய்தேன். "ஏங்க்கா அலையறீங்க? கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, இலவசமாவே தருவாங்க" என்றாள். போனேன். எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் இடம் அது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

உட்காரும் முன்பே சொன்னேன்: "எனக்கு அதெல்லாம் இல்லீங்க. நான் லேப்ல வேலை பாக்கறேன். ஊசி குத்திடுச்சு, அவ்ளோதான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் என் காதில் விழுந்தது. மயிலாப்பூரில் அந்த டெஸ்டுக்கு யாராவது வந்தால், அவர்கள் கண் முன்னாலேயே கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போடுவேன். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் போடுவேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் இன்னா உன்னைக் கேட்டனா? குந்து கண்ணு, உன் நம்பர் வர நேரம் கீது."

டெங்கு

நாற்பத்தாறாவது மணியில் முதல் மாத்திரை உள்ளே போயிற்று. அங்கே யாரும் எப்படி, யாரோடு என்று கேட்கவில்லை. வயிறு குமட்டினால் சாப்பிட்டபின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கணவர் பாஸ்கர் தி. நகரில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், தன் பாயை ஹாலில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலேயே இந்தச் சில மாதம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருந்தார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் என் தட்டும் டம்ளரும் தனியாக ஜன்னலோரம் போயிருந்தன. மாமியாருக்கு விஷயமே தெரியாது, எடுத்து வைத்தவர் பாஸ்கர்தான். எட்டாம் நாள் அவரிடம் கேட்டேவிட்டேன், டம்ளரில் பரவாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று.

"தெரியும். அம்மாகிட்ட டெங்குன்னு சொல்லியிருக்கேன், நீயும் அதையே சொல்லு."

டெங்குவும் டம்ளரில் பரவாது என்பதை நான் சொல்லவில்லை. அவர் அதற்குள் கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "வெந்நீர் வெச்சிருக்கேன், உன் டம்ளர்லயே குடி."

நம்பிக்கை

மூன்றாம் மாதக் கடைசி ரிசல்ட் நெகடிவ் என்று வந்தது. பெஞ்சில் அல்ல, பஸ்ஸில் உட்கார்ந்துதான் அழுதேன். தீவில் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. பழைய லேபுக்கே போய் முதலாளியம்மாவிடம் வேலை கேட்டேன். மறைக்கவில்லை. நடந்ததைச் சொல்லி ரிசல்ட் தாளையும் நீட்டினேன்.

அவர் இப்படிப்பட்ட தாள்களில் தினமும் கையெழுத்துப் போடுகிறவர். என் தாளை இரண்டு முறை படித்தார். வேலை கொடுத்தார், கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை.

"ரிப்போர்ட்டை நான் முழுசா நம்பறேன் சிஸ்டர். இருந்தாலும் ஊசி வேண்டாமே."

மூன்று மாதத்தில் என் ரத்தத்தை மூன்று முறை பரிசோதித்தார்கள், மூன்று முறையும் தேறினேன்; என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அது ரத்தம் எடுக்காத ஒரு பரிசோதனைதான்; அதில் தேறியவர்கள் மிகக் குறைவு, பெஞ்சில் உட்காரும் முன் இருந்த நானும் தேறவில்லை.