முத்திரை குத்திய ஆறு படங்கள்

டிராயிங் மாஸ்டராக இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கணக்குப் பாடம் முடியாவிட்டால் நம் பீரியடைத்தான் பிடுங்குவார்கள், நாம் லீவு போட்டால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியவே தெரியாது. மதுரையில் இப்படி நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சென்னையில் சித்திர மேல்படிப்புக்கு மனுப் போட்டேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் கடைசி வருஷம்.

மாம்பழம்

மனுவில் தலைமையாசிரியரின் சிபாரிசு வேண்டும். கீழக்குயில்குடி மலையடியில் வெயிலில் காய்ந்து வரைந்த படங்களைக் காட்டி, எண்ணெய் வர்ணத்தை முறையாகப் படிக்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். கையெழுத்தைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "படிச்சுட்டு வந்தாலும் போர்டுல அதே மாம்பழத்தைத்தானே ஓய் போடப் போறீர்?"

நேரில் பார்த்த சாட்சி

அனுப்புகிற ஆறு படங்களும் என் கைவேலைதான் என்று தாசில்தார் அத்தாட்சி தர வேண்டுமாம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீர் வரைஞ்சதை நான் பார்த்தேனா?" என்றார். அடப்பாவி! தாலுகா கச்சேரித் தாழ்வாரத்தில், அவர் கண்ணெதிரே, ஆறு நாள் உட்கார்ந்து ஆறையும் மறுபடி வரைந்தேன்.

பட்டா விஷயமாகத் தினம் வந்து காத்துக்கிடந்த திருவாதவூர்க்காரர் ஒருவர் கடைசியில் பொறுக்கமாட்டாமல் என் காதருகே குனிந்தார்: "எம்புட்டு அபராதம்னு கேட்டுக் கட்டிட்டுப் போயிருங்கண்ணே, இப்படியா நாள்கணக்கா உக்கார வச்சு வேலை வாங்குவாக?"

வட்ட முத்திரை

ஏழாம் நாள் தாசில்தார் மனசு இரங்கி முத்திரையை எடுத்தார். எடுத்தவர் ஓரமாகப் போடக் கூடாதா? மலைக்கு மேலே வானத்தில் ஒன்று, பூக்காரியின் கன்னத்தில் ஒன்று என்று ஆறிலும் நட்டநடுவில், ஊதா மையில், நச்சு நச்சென்று குத்தினார். "ஐயா, ஓரத்துல..." என்று பதறினேன். "ஓரத்துல போட்டா முத்திரையைக் கத்தரிச்சு இன்னொருத்தன் படத்துல ஒட்டிருவீர். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

ராவுத்தர் கடை

படிப்புச் செலவை ஏற்க ஒருவர் வேண்டும். என் அப்பாவின் சிநேகிதர், ஆரப்பாளையம் ஜவுளிக்கடை ராவுத்தர், மறுபேச்சில்லாமல் கடிதம் கொடுத்தார். பார்சல் சென்னைக்குப் போனது. மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. படங்கள் சேதமாகியிருப்பதால் பரிசீலிக்க இயலவில்லையாம். ஏன்யா, அத்தாட்சி கேட்டதே நீங்கள்தானே!

கடையில் உட்கார்ந்து கத்தினேன். அழுதும் விட்டேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை. ராவுத்தர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு மலைப் படத்தை எடுத்துக் கல்லாவுக்கு மேலே மாட்டச் சொன்னார்: "விடுங்க தம்பி, சர்க்கார் முத்திரை போட்ட படம் மதுரையில வேற எவன்ட்ட இருக்கு?"

சுருக்கமாகச் சொன்னால், எனக்குப் படம் வரைய வருமா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லாரும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.