ருக்குமணியின் நம்பர்

இது நடந்தது, சத்தியம். அதுவும் நெய்வேலி நகரியத்தில், பட்டப்பகலில். பேய்க்கு நைட் ஷிஃப்ட் மட்டும்தான் என்று எவன் சொன்னானோ.

பி.காம். படித்த நந்தினி, குவார்ட்டர்ஸ் பின்னறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நர்ஸாக இருந்தாள். வீட்டில் கிடக்கும் நோயாளிகளுக்குப் போனிலேயே பக்குவம் சொல்லும் ஒரு கம்பெனி. ஊசியை அவள் மருந்துக் கடையில் பார்த்ததோடு சரி. பதிவு பெற்ற நர்ஸ்தான் பேச வேண்டும், அழைப்புக்கு அழைப்பு பேரும் பதிவு எண்ணும் சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்கு மேனேஜர் மதிவாணன், அந்த மகா யோக்கியன், ஒரு வழி வைத்திருந்தான். யாரோ ஒரு ருக்குமணியின் பதிவு எண்.

"நம்பர் இருந்தா போதும்மா. நர்ஸ் எதுக்கு?"

வெட்கங்கெட்ட கம்பெனி, அதற்கேற்ற பெண். "சிஸ்டர் ருக்குமணி பேசுறேன்" என்று தினமும் நாற்பது தடவை கூசாமல் சொன்னாள். உச்சி வேளையில்கூட.

செவ்வாய்க்கிழமை, பகல் 12.07. காடாம்புலியூரிலிருந்து ராஜாங்கம் என்பவர் கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு வேர்த்துகினே இருக்குதுங்க சிஸ்டர். கை நடுங்குது. சர்க்கரை அம்பத்திரெண்டு காட்டுது. மத்தியான இன்சுலின் ஊசி போடலாங்களா?"

ஐம்பத்திரண்டில் ஊசி போட்டால் ஆளே போய்விடும். நிஜ நர்ஸுக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்த மகராசி திரையைப் பார்த்தாள். இன்சுலின், 12.00 என்றிருந்தது.

"நேரமாயிடுச்சே. போட்டுடுங்க."

லைனில் ஒரு பெருமூச்சு...

பெண்ணின் பெருமூச்சு.

12.09. லைன் கட்டானது.

ஏதோ உறுத்த, செல்போனில் 'சர்க்கரை 52' என்று தேடினாள். படித்தாள். ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள்.

பிஸி.

மறுபடி...

பிஸி.

12.16. எடுத்தார்.

"ஊசி... போட்டுட்டீங்களா?"

"இல்லீங்களே. நீங்கதான ஒடனே திரும்பக் கூப்ட்டு, ஊசியத் தொடாத, சர்க்கரைத் தண்ணி குடுன்னு திட்னீங்க. அம்மா இப்ப எழுந்து உக்காந்துகினு இருக்குதுங்க."

அவள் கூப்பிடவே இல்லை.

திரையில் பார்த்தாள்.

12.10. அழைத்தவர்: ருக்குமணி. ஐந்து நிமிடம்.

"வேற... என்ன சொன்னேன்?"

"'என் நம்பர்ல ஒரு சாவு விழக் கூடாது'ன்னீங்க."

ஹெட்செட்டைக் கழற்றி எறிந்தாள். செல்போனில் மதிவாணனைப் பிடித்தாள்.

"சார்... அந்த ருக்குமணி யாரு?"

"பண்ருட்டி நர்ஸும்மா. போன ஆடியிலயே செத்துட்டாங்க. அதுக்கென்ன இப்ப? நம்பர் உயிரோடதான இருக்குது."