எட்டு பவர் பெட்டியில் ஒன்று

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனால், அங்கே அது என்ன ஆகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. ஆனால் உப்பளம் என்ற பகுதியில் ஒரு கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்தபோது அதற்கே சம்பளம் கொடுத்தார்கள்.

போன வருடம் பதிவு, அறுவை அரங்கு, ஸ்டோர், கொள்முதல் நான்கையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்தோம். டாக்டர் ஆபரேஷன் என்று ஒரு கட்டத்தைத் தட்டினால் போதும். அரங்கின் திரையில் நாள் விழும். அந்த நோயாளியின் கண்ணுக்குள் வைக்க வேண்டிய லென்ஸ் ஸ்டோரில் இருக்கிறதா என்று அதுவே பார்க்கும். தீர்ந்திருந்தால் வாங்கச் சொல்லி கொள்முதல் அதிகாரிக்குத் தகவல் போகும். சரிபார்ப்பதற்காக இல்லாத நோயாளி ஒருவரை உருவாக்கி, அவரைத் திரை திரையாகத் துரத்திக்கொண்டு போனேன். அவர் கொள்முதல் வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "இன்னாடி, முத்திப்போச்சா ஒனக்கு?" என்றார் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

இரண்டு மாதம் கழித்து வீராம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்ன வயதில் தூண்டில் முள் பட்டு வலது கண் போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. ஆறு வருடமாக டாக்டர் சொல்லியும் பயத்தில் தட்டிக் கழித்தவரை, மகன் எப்படியோ பேசி அழைத்துவந்து விட்டுவிட்டுப் படகுக்குப் போயிருந்தான். சொட்டு மருந்து விட்டு, அங்கி மாட்டி, அரங்கு வாசலில் உட்கார வைத்தாயிற்று. அவருக்கு வேண்டியது எட்டு பவர் லென்ஸ். அபூர்வமாகத்தான் யாருக்காவது அது தேவைப்படும். ஒன்று இருக்கிறது என்று திரை சொன்னது. நர்ஸ் ஸ்டோருக்கு வந்து அந்த பவருக்கான பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து நாளைக்கே வந்துவிடும் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா அங்கியின் முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னொரு வாட்டி வரமாட்டேங்க. இன்னிக்கு வந்த தைரியம் இன்னிக்குத்தான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நேராக ஸ்டோருக்குப் போனேன். "அக்கா, ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே, எங்க அந்த ஒண்ணு?"

"ஒண்ணுன்னா தீந்துடுச்சுன்னு அர்த்தம்."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"கண்ணுக்கு வெக்கிற சாமான். அத காலின்னு என் கையால எழுதச் சொல்றியா?"

அவர் வீட்டில் அரிசிப் பானையைக்கூட அடியோடு வழிக்க மாட்டார்கள். ஒரு பிடி விட்டுவைப்பார்கள். அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எந்தப் பெட்டியின் கணக்கும் சைபரில் முடியவில்லை, எல்லாம் ஒன்றில்தான் முடிந்தன. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை வருடம் இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கொள்முதல் அதிகாரி அப்போதெல்லாம் அக்காவின் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். நோட்டில் ஒன்று என்று பார்த்தால் உடனே சென்னைக்குப் போன் போடுவார். பதினோரு வருடத்தில் லென்ஸ் இல்லை என்று ஒரு ஆபரேஷன்கூட நின்றதில்லை. மென்பொருள் வந்ததும் அவரை மாடிக்கு அனுப்பினோம். அவருடைய திரையோ சைபர் வந்தால்தான் வாயைத் திறக்கும். நன்றாக ஓடும் பவர்கள் மாதாமாதம் மொத்தமாக, தீரும் முன்பே வந்துவிடுவதால் இது யார் கண்ணிலும் படவில்லை. நோட்டிலிருந்த எண்களைக் கணினியில் ஏற்றியது நான். இரண்டும் பொருந்துகின்றன என்று கையெழுத்துப் போட்டதும் நானே. ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை லென்ஸ் வந்தது. மென்பொருள் தானாகவே அந்த அம்மாவின் போனுக்குச் சேதி அனுப்பியது. போய்ச் சேர்ந்தது என்று பச்சை விளக்கும் எரிந்தது. அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் சேதி போனது, பச்சை எரிந்தது, யாரும் வரவில்லை. மகன் இன்னும் கரைக்குத் திரும்பவில்லை.

"வண்டிய எடு," என்றார் அக்கா.

வீராம்பட்டினத்தில் அந்த அம்மா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கோம்மா. மெசேஜ் வந்துதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி டிங்குன்னுச்சு. அதுல இன்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் என் பக்கம் திரும்பவில்லை. நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்துப் பேசினார். அந்தக் கண்ணின் நீளம், வளைவு, பவர் எல்லாம் எங்கள் நான்கு பிரிவிலும் இருந்தன. அந்தக் கண்ணுக்குத்தான் நாங்கள் எழுத்தில் சேதி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அக்கா அவர் காலடியில் குந்தினார். "லென்சு வந்துடுச்சும்மா. என் கையால எடுத்து, ஒங்க பேரெழுதி தனியா வெச்சிருக்கேன். அன்னிக்குத் தப்பு என்னோடதுதான்."

"என்னோடதும்தாம்மா," என்றேன்.

அந்த அம்மா மடியிலிருந்த போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அக்காவின் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீ அந்த ரூம் வாசல் வரைக்கும் வருவியா?"

"உள்ளயே வரேன்."

ஸ்டோர் ஆட்களுக்கு அறுவை அரங்குக்குள் அனுமதி கிடையாது. அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அம்மா எழுந்து காற்றில் கையை நீட்டித் துழாவினார். அக்கா தன் தோளைக் கொடுத்தார். அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அக்கா உள்ளே வரலாமா என்றும் கேட்டேன்.

"கைய நல்லா கழுவிட்டு வரச் சொல்லு," என்றார் டாக்டர்.