அஷ்டமிக்குக் காத்திருந்தவர்

பிச்சி மொட்டைத் தராசில் தட்டிக்கொண்டிருந்தேன். சுமை இறக்கும் முருகன் காதருகே வந்து, "ஆச்சி, ஞானராஜ் அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். அதே நேரம் கம்ப்யூட்டர் என் பூவின் எடையைச் சத்தமாகச் சொன்னது. மறுநாள் முகூர்த்தம். யாரும் கையை நிறுத்தவில்லை.

நம் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பூ கொண்டு வருகிறவள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்; இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். எண்ணைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த கூடை ஏறிவிடும். எடையை வாயால் சொல்லும் சாப்ட்வேர் வந்திருப்பதாக ஒரு நாள் அவரே சொன்னார். "இன்னைக்கே ஏத்திரு தம்பி" என்றேன். "அஷ்டமி வரட்டும் யக்கா" என்றார்.

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "சர்ச்சுக்குப் போற வேதக்கார ஆளுக்கு என்னவே அஷ்டமி? நல்ல காரியத்த அன்னைக்கா தொடங்குவாவ?"

"அன்னைக்குக் கல்யாணம் இல்ல அண்ணாச்சி. பூ கொஞ்சம்தான் வரும். புதுசு மக்கர் பண்ணினா கையால எழுதிச் சமாளிக்கலாம். முகூர்த்தத்துக்கு முந்துன நாள் நின்னு போச்சுன்னா ஆரு பதில் சொல்லுதது?"

சொன்னபடி அஷ்டமியன்று ஏற்றினார். அதன்பின் எவனும் என்னை எடையில் ஏமாற்ற முடியவில்லை.

போன ஆவணியில் முதலாளி மகனுக்கு அவசரம் வந்தது. பூ விலை உடனுக்குடன் வியாபாரிகளின் போனுக்குப் போகுமாம், அப்படி ஒரு புதுசு. விடிந்தால் முகூர்த்தம். "நாளக்கழிச்சு அஷ்டமி. அதுவரைக்கும் பொறுங்க சின்ன மொதலாளி" என்று ஞானராஜ் தம்பி கெஞ்சியதை நான் கேட்டேன்.

"பஞ்சாங்கம் பாக்கவா வே உமக்குச் சம்பளம்? ஏத்தும்."

ஏற்றினார். கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. "எழுதிப் போட்டுருவோம்" என்றார் இவர். "இப்ப வந்துரும், பொறும்" என்று அவன் விடவில்லை. வெயில் ஏற ஏற, பிச்சி கூடைக்குள்ளேயே விரிந்துவிட்டது. விரிந்த பிச்சியை யார் வாங்குவார்? மத்தியானம் ஆட்கள் கூடிக் கேட்டதும் அவன் இவரைக் கைகாட்டினான். "இந்த ஆளுதான் கெடுத்தது. நாளையிலேருந்து வர வேண்டாம் வே."

"நீதான ஏத்தச் சொன்ன? நான் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்" என்று நான் ஒருத்திதான் சொன்னேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் அங்கே நின்றீர்கள். தரையைப் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. உயிர் போனது நெஞ்சு நோவால் என்கிறார் டாக்டர். இருக்கலாம். அந்த ஆவணியோடு அவர் மார்க்கெட் பக்கம் வருவதையே விட்டுவிட்டார், அது எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்குக் கடையிலிருந்து பெரிய ரோஜா மாலை வந்தது. கொண்டுவந்தவன் முதலாளி மகன். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

இப்போது எல்லாக் கடையிலும் அஷ்டமி பார்த்துத்தான் புதுசு ஏற்றுகிறார்கள். அவன் கடையிலும் அப்படித்தான். யார் காட்டித்தந்த வழி என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

வேறு கடைக்குப் போகலாம்தான். ஆனால் எடையைச் சொல்லும் குரல் அவன் கடையில்தான் இருக்கிறது. தம்பி எனக்காக வைத்துவிட்டுப் போனது அது. அவன் தம்பியைக் கைகாட்டிய அன்றைக்கு யார் யார் எந்தத் தூண் ஓரம் நின்றார்கள் என்பதும் என்னிடம் இருக்கிறது. நான் இருக்கிறவரை இரண்டும் இருக்கும்.