வாத்தியாரை வாய் திறக்கச் சொன்ன நைனா

"…அதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல ஒங்க வாயத் தொறந்து காட்டுங்க வாத்தியாரே!"

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், ஊரே கூடியிருந்த மைதானத்தின் நடுவில், என் தம்பியின் ட்ரில் வாத்தியாரைப் பார்த்து எங்கள் தகப்பனார், நாங்கள் நைனா என்று கூப்பிட்டவர், சொன்ன வார்த்தை இது. நைனாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நைனா அவரை அடிக்கவே கை ஓங்கினார் என்றுகூட ஒருவர் சொன்னார். அன்று நைனாவின் பக்கத்தில் நின்றவள் நான். ஆகவே நடந்தபடி எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. தம்பியின் பழைய புத்தகங்களை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவள். குறை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பிறந்தது தொண்டூருக்கு அடுத்த ஒரு சிற்றூரில். வானம் பார்த்த நிலம், கேழ்வரகுக் கூழ், மாதா கோயில் மணி, இவ்வளவுதான் அவருடைய இளமை. தொடர்ந்து மழை இல்லாமல் போகவே செஞ்சிக்கு வந்து மாட்டுத் தரகர் ஆனார். அந்தத் தொழிலை அறியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல், இரண்டு விரல் என்று ஏறும், இறங்கும். கடைசியில் ஐந்து விரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது, மனதில் குறையில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் அவன் தரகனே அல்ல.

தொழிலோ என்னவோ, நைனாவுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால் வாங்கினால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியாரையே, "எந்த ஊரு, இன்னா வம்சம்னு கேட்டியா?" என்று மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் விசாரித்தவர். அவர் அடிக்கடி சொல்வது: "மாட்டுக்குக் கொற சொல்றவன் சும்மா வந்தவன். பேசாம தடவிப் பாக்கறான் பாரு, அவன்தான் கயித்தோட வந்திருக்கான்."

அந்தச் சந்தேகத்துக்கு அடியில் ஒரு காயம் இருந்தது. முந்தின யுத்தத்தின்போது நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, சந்தைக்குப் போன இடத்தில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற ஒருவர் அவர் மார்பை நாடா வைத்து அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா அவரோடு வண்டி ஏறிப் போனவர்தான். இறந்த நாள் தெரியாததால் இன்றுவரை கல்லறைத் திருநாளில்தான் அவருக்குப் பூசை வைக்கிறோம்.

என் தம்பியைப் பெற்ற சில நாட்களில் அம்மா கண்ணை மூடினார். பிறகு நைனாவுக்கு உலகமே அந்த ஒரு பிள்ளைதான். தம்பி பள்ளிக்கூடத்தில் இரும்புப் பாரில் தொங்கிச் சுழல்கிறான், பல்டி அடிக்கிறான், பாட்டு வகுப்பில் முதல் குரல் அவனுடையது என்று தெரிந்ததும் நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. விற்பனைக்கு வந்த மாடுகளை மேய்ப்பதுபோல மைதானத்து ஓரம் ஓட்டிக்கொண்டு போய் நின்றுவிடுவார். மாடு ஒரு பக்கம் போகும், அவர் கண் ஒரு பக்கம் இருக்கும்.

"ஒடம்பா அது? ரப்பருப்பா! அப்பிடியே மேல போயி அப்பிடியே வந்து நிக்கறான்" என்று சந்தையில் சொல்வார். அடுத்த மூச்சிலேயே முகம் மாறிவிடும். "ஆனா அந்த வாத்தியாரு எதுக்கு இம்மாம் மெனக்கெடறாரு? அவருக்கு இன்னா வந்துது?"

"ஒன் சந்தேகத்த மூட்ட கட்டி வித்தா செஞ்சியில வாங்க ஆளு பத்தாதுப்பா!" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

அந்த வாத்தியார் வெளியூர்க்காரர். பெரிய மீசை. அதிகம் பேச மாட்டார். சிரித்தாலும் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பார். நைனாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. "தொறந்து சிரிக்காத மனுசன் உள்ள இன்னாத்தயோ வச்சிருக்கான்" என்பார்.

மறுபடியும் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருநாள் தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து குதித்துக்கொண்டே வந்தான்.

"நைனா! வாத்தியாரு என் மார அளந்தாரு. தோள அமுக்கிப் பாத்தாரு. வாயத் தொறக்கச் சொல்லிப் பல்லப் பாத்தாரு. ஒனுக்கு எல்லாம் நல்லாக்கீதுடான்னாரு!"

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார்.

"கேட்டியா பொண்ணு? மாட்டுக்குப் பாக்கற மாதிரியே பாத்திருக்கான். ஒன் சித்தப்பனுக்கும் இப்பிடித்தான் பாத்தான்."

"அவன் சின்னப் புள்ள நைனா. அவனப் போயி யாரு எடுப்பாங்க?"

"கன்னுக்குட்டியப் புடிச்சி வளத்து ஏர்ல கட்டறதில்லயா? நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் வாணாம். என்கூட மாடு ஓட்ட வரட்டும்."

தம்பி அழுது புரண்டான். நானும் கெஞ்சினேன். கடைசியில் நைனா ஒரு தரகர் வழி கண்டுபிடித்தார். நல்ல மாட்டைக் கொடுக்க மனமில்லாதவன், வாங்க வருகிறவன் முன்னால் அதை நொண்ட வைத்துக் காட்டுவானாம். "வாத்தியாரு எதிர்ல நொண்டுடா. நொண்டினா உட்டுடுவான். நீ ஒழுங்கா நடந்தேன்னு எனுக்குத் தெரிஞ்சிது, அன்னியோட பள்ளிக்கூடம் முடிஞ்சிது."

தம்பி நொண்டினான். அவனுக்குப் பாரும் பாட்டும் வேண்டும், அதற்காக நொண்டினான். வாத்தியார் அவனை விடவில்லை. காலை உருவிப் பார்த்தார், எண்ணெய் தேய்த்தார். "பாவம், உன்னால் அடியில் நின்று மற்றவர்களைத் தாங்க முடியாது" என்று சொல்லி, பையன்கள் தோள் மேல் தோளாக ஏறி நிற்கும் கோபுரத்தில் அவனை உச்சிக்கு மாற்றிவிட்டார். தம்பி இதை எங்களிடம் மூச்சு விடவில்லை. விழாவுக்கு முன்பு அவனுக்குக் காக்கிக் கால்சட்டையும் சட்டையும் தைத்துக் கொடுத்தார்கள். நைனா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

எப்படிப்பட்ட தகப்பனார் அவர் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசி வரை அப்படியேதான் இருந்தார். படுக்கையில் கிடந்தபோது டாக்டர் அவர் விலாவை அமுக்கிப் பார்த்தார். நைனா என்னைக் கிட்டே கூப்பிட்டு, "எவ்ளோக்குக் கேக்கறாரு?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலை, தம்பியின் கையைப் பிடித்தபடியே இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

இரவு பகல் பாராமல் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், சொல்லாமலே மாட்டுவண்டிகளோடு வந்து நின்ற சந்தைக் கூட்டாளிகளுக்கும், செபம் சொல்லி அடக்கம் செய்த சாமியாருக்கும், சீயமங்கலத்திலிருந்து நடந்தே வந்த அத்தை வீட்டாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் செய்தி கேட்டு வந்து, உதட்டை மூடியபடி கல்லறை ஓரம் நின்ற ட்ரில் வாத்தியாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. விழா அன்று நடந்ததை எழுதினால் அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை வெயில் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை மேல் சாய்ந்துகொண்டிருந்தது. பையன்கள் தோள் மேல் ஏறி நின்றார்கள். எல்லோருக்கும் மேலே, வாத்தியார் எதிரில் நொண்டிக்கொண்டிருக்கிறான் என்று நாங்கள் நம்பியிருந்த தம்பி, காக்கி உடுப்பில் நிமிர்ந்து நின்று பியூகிள் என்கிற பித்தளை ஊதுகொம்பை ஊதினான். மைதானம் முழுக்க அந்தச் சத்தம். நைனாவின் கன்னத்தில் நீர் இறங்கியது. "எம்புள்ள" என்று ஒரு தரம் சொன்னார். கைதட்டல் ஓய்வதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் வாத்தியார் எதிரில் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாரப் பாத்தீங்க, பல்லப் பாத்தீங்க, காக்கி மாட்டிட்டீங்க. எந்தச் சண்டைக்கிப் புடிச்சிக் குடுக்கப் போறீங்க எம்புள்ளய?"

வாத்தியார் திகைத்துப் போனார். "சண்டையா? பெரியவரே, முன்பல் சரியாக இல்லாதவன் பியூகிள் ஊத முடியாது. மூச்சுப் பிடிக்க மார்பு வேண்டும். கோபுரம் ஏறத் தோள் வேண்டும். அதற்குத்தான் பார்த்தேன். நானும் ஒரு காலத்தில் ஊதினவன். பாரிலிருந்து விழுந்து முன்பல் போயிற்று. நான் ஊத முடியாததை அவனாவது ஊதட்டும் என்றுதான்…"

"ஊதனீங்களோ, பல்லுதான் போச்சோ, அதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல ஒங்க வாயத் தொறந்து காட்டுங்க வாத்தியாரே!"

தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாத்தியார் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு அத்தனை பேர் எதிரில் மீசையை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார்.

நைனா அவர் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தார். மேல் ஈறில் முன்பல் இல்லாத இடத்தை உற்றுப் பார்த்தார். பிடித்த கையை மெல்ல விட்டார். தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, வாத்தியாரின் வலது கை மேல் போட்டு மூடினார். பிறகு தம் கையை உள்ளே நுழைத்து, அவருடைய ஐந்து விரலையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.